எஞ்சின் போட்டாச்சா?

“யூடியூப்பைத் தட்டினால் எல்லாப் பாட்டும் வந்து கொட்டுகிறது. நீங்கள் ஏன் இந்தப் பழைய இசைத்தட்டுகளைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்?”

கடந்த ஆண்டு என் வீட்டுக்கு வந்தவர்களில் பாதிப் பேராவது இப்படிக் கேட்டிருப்பார்கள். நியாயமான கேள்விதான். என் பெரியம்மா வீட்டில் மிஞ்சியிருந்த 61 இசைத்தட்டுகளில் உள்ள பாட்டுகளில் பெரும்பாலானவை இணையத்தில் இருக்கின்றன. சில பாட்டுகள் நம் தட்டில் கேட்பதைவிடத் தெளிவாகவே இருக்கின்றன. அப்படியிருந்தும் நான்கு மாத வார இறுதிகளைச் செலவழித்து அவற்றைக் கணினிக்கு மாற்றினேன். ஏன் என்பதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல வராது. மறதி நோய் வந்த பெரியவர் ஒருவர் உங்கள் வீட்டிலும் இருந்தால் உதவக்கூடும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பொழுது சாய்ந்தால்

பெரியம்மாவுக்கு வயது 84. ஈப்போவில் மகன் வீட்டில் இருக்கிறார். ‘டிமென்ஷியா’ எனப்படும் முதுமை மறதி நோய் என்று மருத்துவர் சொல்லி ஐந்து ஆண்டுகளாகின்றன. முதலில் அடுப்பை அணைக்க மறந்தார். பிறகு காசு எண்ணத் தடுமாறினார். அதன் பிறகு பேரப்பிள்ளைகளின் பெயர்கள் ஒவ்வொன்றாகக் கழன்று போயின. என்னைத் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார். ஆனால் நான் தங்கை மகனா, கூடப் பிறந்த தம்பியா, பக்கத்து லயத்துப் பையனா என்பது அவருக்குத் தெரியாது.

பகலில் பெரிய தொல்லை கிடையாது. சாப்பிடுவார், சாய்ந்திருப்பார், வாசலில் போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். மாலை ஆறரை மணியானால் நிலைமை மாறிவிடும். எழுந்து நடக்கத் தொடங்குவார். சன்னலைத் திறப்பார், மூடுவார். கேட்டின் பூட்டைப் பிடித்து இழுப்பார். வாய் ஓயாமல் ஒரே கேள்வியைக் கேட்பார்: “எஞ்சின் போட்டாச்சா? எஞ்சின் போட்டாச்சா?”

பொழுது சாயும் நேரத்தில் வரும் இந்தப் பதற்றத்தை மருத்துவர்கள் ‘சன்டவுனிங்’ என்கிறார்கள். மறதி நோயாளிகள் பலருக்கு இது உண்டு. பகல் முழுதும் சேர்ந்த களைப்பு, மங்கும் வெளிச்சம், உடலின் உள் கடிகாரம் தடுமாறுவது என்று பல காரணங்கள் சொல்கிறார்கள். காரணம் எதுவானாலும் பாடு பெரும்பாடுதான். பதினொரு மணி வரை அவர் பின்னாலேயே நடந்தாக வேண்டும்.

“அவங்க காரைத்தான் கேக்குறாங்கன்னு நெனச்சேன் தம்பி” என்றார் அண்ணி. “ஒருநாள் உங்க அண்ணன் கார் எஞ்சின ஸ்டார்ட் பண்ணியே காட்டினாரு. அப்பவும் கேள்வி நிக்கல.”

அண்ணனுக்கு 65 வயது. நெஞ்சுவலிக்குச் சிகிச்சை எடுத்தவர். அண்ணிக்கு முட்டிவலி. இருவரும் சரியாகத் தூங்கி ஒரு வருடம் இருக்கும். முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றைப் போய்ப் பார்த்து, விண்ணப்பப் படிவமும் வாங்கி வந்துவிட்டார்கள். நான் போயிருந்த அன்று அந்தப் படிவம் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் கிடந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

எஞ்சின் கொட்டகை

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு அந்தக் கேள்வி புரிந்திருக்கும். அண்ணன் ஆறாம் வகுப்போடு விடுதிக்குப் படிக்கப் போய்விட்டவர். அண்ணி ஈப்போவிலேயே பிறந்து வளர்ந்தவர். பள்ளி விடுமுறை தவறாமல் அந்த வீட்டில் போய்க் கிடந்தவன் நான்தான்.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். லயங்களுக்குப் பொது மின்சாரம் கிடையாது. தோட்டத்து ஜெனரேட்டர்தான். அதற்கு எங்கள் பேச்சில் ‘எஞ்சின்’ என்று பெயர். அந்தி சாய்ந்து ஆறரை மணிக்கு எஞ்சின் போடுவார்கள். இரவு பத்துக்கு நிறுத்திவிடுவார்கள். அந்த மூன்றரை மணி நேரத்துக்குள்தான் பிள்ளைகள் படிக்க வேண்டும், சட்டை தேய்க்க வேண்டும், வானொலி கேட்க வேண்டும். எங்கள் பெரியம்மா வீட்டில் பாட்டும் போட வேண்டும்.

பெரியப்பா பால் லோரி ஓட்டுநர். ஈப்போவுக்கும் பினாங்குக்கும் போய் வருகிறவர் என்பதால், பால் வெட்டும் மற்ற குடும்பங்களுக்கு எட்டாத ஒன்று அவருக்கு எட்டியது. ஈப்போ கடையில் தவணைக்கு ஒரு ரேடியோகிராம் வாங்கினார். மேல் மூடியைத் தூக்கினால் உள்ளே தட்டு சுழலும் பெட்டி. சம்பளம் வாங்கிய வாரத்தில் ஒரு தட்டு வாங்கி வருவார். கல்கத்தாவின் டம்டம் ஆலையில் அச்சாகி, கப்பலேறி, பினாங்குக் கடைக்கு வந்து, லோரியின் முன்சீட்டில் துண்டு சுற்றிப் பயணம் செய்து எங்கள் லயத்துக்கு வந்து சேரும்.

எஞ்சின் போட்டதும் பெரியம்மா சாமி விளக்கேற்றி, முதலில் சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம் போடுவார். அதன் பிறகு சினிமாப் பாட்டு. ‘பாவமன்னிப்பு’, ‘பாலும் பழமும்’, ‘கர்ணன்’. சனிக்கிழமையென்றால் கடைசியாகத் ‘திருவிளையாடல்’ வசனத்தட்டு. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் திண்ணையில் உட்கார்ந்து, நாகேஷுக்கு முன்னாலேயே நாகேஷின் வசனத்தைச் சொல்வோம்.

எஞ்சினில் பாரம் கூடும்போது பாட்டும் இழுக்கும். அந்தக் காலத்துப் பெட்டியின் மோட்டார் மின்சாரத்தின் அலைவேகத்தை நம்பி ஓடியது. எஞ்சின் தளர்ந்தால் தட்டும் தளரும், டி.எம்.சௌந்தரராஜன் குரல் இன்னும் கனக்கும். பத்து மணிக்கு எஞ்சினை நிறுத்தினால், பாடிக்கொண்டிருப்பவர் குரல் கிணற்றுக்குள் இறங்குவதுபோல் இறங்கி, முனகி, நின்றுபோகும். நாங்கள் இருட்டில் சிரிப்போம். “எஞ்சின நிறுத்திட்டான், பாயைப் போடு” என்பார் பெரியம்மா.

ஐம்பது ஆண்டுகள் கழித்து ஈப்போவின் தொடர் வீட்டில், அதே ஆறரை மணிக்கு, அவர் கேட்டுக்கொண்டிருந்தது அந்த எஞ்சினைத்தான்.

பாட்டு மட்டும் போதவில்லை

அண்ணன் மகன் கெட்டிக்காரப் பையன். நான் விஷயத்தைச் சொன்ன மறுநாளே கைப்பேசியில் பழைய பாட்டுகளைத் தேடி, ஒலிபெருக்கியில் இணைத்துப் போட்டான். பெரியம்மா கேட்டார். “நல்லாருக்கு” என்றார். பிறகு எழுந்து கேட்டைப் பார்த்து நடந்தார். மூன்று நாள் போட்டுப் பார்த்தும் அதே கதைதான். இடையிடையே விளம்பரம் வேறு. விளம்பரம் வந்தால் யாரோ வீட்டுக்குள் வந்துவிட்டார்கள் என்று பயந்தார்.

சாமான் அறையில் மைலோ அட்டைப்பெட்டிகள் இரண்டில் தட்டுகள் கிடந்தன. தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை போட்டபோது குடும்பம் டவுனுக்கு வந்தது. ரேடியோகிராம் பழைய சாமான்காரரிடம் போய்விட்டது. தட்டுகளை மட்டும் பெரியம்மா யாருக்கும் கொடுக்கவில்லை. பெட்டிகளை என் காரில் ஏற்றிக் கிள்ளானுக்குக் கொண்டு வந்தேன்.

பாட்டு மறதி நோயை மீறி நிற்பது ஏன் என்று மூளை ஆய்வாளர்கள் நீண்ட காலமாகத் தேடுகிறார்கள். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் ஆய்வுக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2015இல் ‘பிரெய்ன்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நீண்ட நாள் பழகிய பாட்டுகளை அடையாளம் காணும் மூளைப் பகுதிகளை அவர்கள் கண்டறிந்தார்கள். அல்சைமர் நோய் மற்ற இடங்களைத் தின்றுவிட்ட பிறகும் அந்தப் பகுதிகள் பெருமளவு தப்பி நிற்கின்றன என்பது அவர்களின் முடிவு. இளமையில், ஏறக்குறைய பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் மனத்தில் பதிந்தவையே முதுமையில் அதிகம் நினைவுக்கு வருகின்றன என்பதும் பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். பெரியம்மாவின் அந்த வயது 1950களிலும் 60களிலும் இருக்கிறது.

துடைப்பதும் பதிவதும்

இனி வேலையைப் பற்றி. செய்ய நினைப்பவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

61 தட்டுகளில் 9 தட்டுகள் பழைய 78 வேகத் தட்டுகள். பெரியப்பாவின் அப்பா காலத்து பாகவதர் பாட்டுகள். மற்றவை 45 வேகச் சிறிய தட்டுகளும் 33⅓ வேகப் பெரிய தட்டுகளும். 78 தட்டு அரக்கால் ஆனது. கீழே விழுந்தால் ஓடுபோல் உடையும். பிந்தியவை வினைல் என்ற பிளாஸ்டிக். இந்த வேறுபாடு முக்கியம். வினைல் தட்டைச் சாராயம் கலந்த துப்புரவுத் திரவத்தால் துடைப்பவர்கள் உண்டு. அரக்குத் தட்டில் சாராயம் பட்டால் அரக்கு கரைந்து தட்டு பாழாகிவிடும். நான் எல்லாவற்றுக்கும் காய்ச்சி வடித்த நீரும் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பும் மென்மையான துணியும்தான் பயன்படுத்தினேன். பள்ளம் ஓடும் திசையிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும். நடுவில் உள்ள காகிதச் சீட்டு நனையக்கூடாது. நம் நாட்டு ஈரக் காற்றில் உறைக்குள் பூஞ்சணம் படிந்திருக்கும். முகமூடி போட்டுக்கொள்வது நல்லது.

தட்டைச் சுழற்ற, யூஎஸ்பி வழியாகக் கணினியில் இணையும் சாதாரண டர்ன்டேபிள் போதும். பெட்டாலிங் ஜெயாவின் அம்கார்ப் மாலில் இசைத்தட்டுக் கடைகள் உண்டு. விஷயம் தெரிந்தவர்களிடம் பேசலாம். 78 தட்டுகளின் பள்ளம் அகலமானது. அவற்றுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு தடித்த முனையுள்ள தனி ஊசி வேண்டும். சாதாரண ஊசி பள்ளத்தின் அடியில் உள்ள அழுக்கைத்தான் உழும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். தட்டில் பாட்டைப் பதியும்போதே கனத்த ஒலியைக் குறைத்து, கூர்மையான ஒலியைக் கூட்டி வெட்டியிருப்பார்கள். அதைத் திருப்பிச் சமன் செய்யும் ‘ஃபோனோ பிரீஆம்ப்’ இடையில் இல்லாவிட்டால் பாட்டு தகரத்தைத் தட்டியதுபோல் இருக்கும். யூஎஸ்பி டர்ன்டேபிள்களில் பெரும்பாலும் அது உள்ளேயே இருக்கிறது.

கணினியில் ‘ஆடாசிட்டி’ என்ற இலவச மென்பொருள். பாட்டின் உச்சமான இடத்திலும் ஒலியளவு மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வைத்தேன். அளவு மீறிப் பதிந்து கரகரத்துவிட்டால் பிறகு சரிசெய்ய வழியில்லை. பழைய தமிழ்த் தட்டுகள் அநேகமாக ‘மோனோ’. இடம் வலம் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் இரைச்சல் ஓரளவு தானாகக் குறையும். முதலில் ‘வேவ்’ கோப்பாகச் சேமிக்க வேண்டும். நிமிடத்துக்குச் சுமார் 10 மெகாபைட் இடம் பிடிக்கும். அதிலிருந்து எம்பி3 எடுத்துக்கொள்ளலாம்.

இதில் அவசரம் செல்லாது. இருபது நிமிடத் தட்டு பதிவாக இருபது நிமிடம்தான் ஆகும். அதுவரை உட்கார்ந்து கேட்டாக வேண்டும். அப்படிக் கேட்டதில்தான் எனக்கு ஒன்று புலப்பட்டது. சில தட்டுகளில் பாட்டைக் காட்டிலும் கீறல்கள் எனக்கு நன்றாக நினைவிருந்தன. ‘பாவமன்னிப்பு’ தட்டில் ஓரிடத்தில் ஊசி மாட்டிக்கொள்ளும். 45 வேகத் தட்டில் ஒரு சுற்று ஒன்றேகால் நொடிக்குச் சற்று அதிகம். அதே ஒன்றேகால் நொடி திரும்பத் திரும்ப வரும். யாராவது எழுந்து போய்த் தட்டிவிட வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு பிரதிகள் வைத்தேன். ஒன்று, மென்பொருளால் கீறல் ஓசையை நீக்கியது. மற்றது, தட்டில் உள்ளது உள்ளபடி. அந்த மாட்டிக்கொள்ளும் இடத்தில் மூன்று சுற்று ஓடவிட்டு, பிறகு ஊசியை நகர்த்தினேன்.

இரண்டு விரல்

ஒரு வெள்ளிக்கிழமை மாலை எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு ஈப்போ போனேன். ஆறரைக்கு அண்ணி விளக்கேற்றினார். தொலைக்காட்சியை அணைத்தோம். நான் கவசத்தைப் போட்டேன். அந்தக் காலத்து வரிசையிலேயே போட்டேன்: முதலில் சாமி பாட்டு, பிறகுதான் சினிமா.

பெரியம்மா கேட்டருகே நின்றுகொண்டிருந்தார். ஊசி தட்டைத் தொடும் அந்த ‘கரக்’ ஓசைக்கே திரும்பினார். பாட்டு தொடங்கிய பிறகு வந்து உட்கார்ந்தார். கும்பிட்டார். உதடுகள் அசைந்தன. அடுத்து கர்ணன். அடுத்து பாவமன்னிப்பு. அந்த இடம் வந்தது. பாட்டு மாட்டிக்கொண்டது. முதல் சுற்று, இரண்டாம் சுற்று. பெரியம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே பக்கத்திலிருந்த சிறிய மேசையின் மூலையில் இரண்டு விரலால் லேசாகத் தட்டினார். பாட்டு நகர்ந்தது. அவர் தலையை ஆட்டிக்கொண்டார், ‘சரியாயிடுச்சு’ என்பதுபோல்.

பெரியப்பா அப்படித்தான் பெட்டியின் மூலையைத் தட்டுவார். அவர் லோரியில் போன நாள்களில் பெரியம்மா தட்டுவார்.

பெயர்கள் மறந்த பிறகும் கைப்பழக்கம் நீண்ட நாள் தங்கும் என்பார்கள். இரண்டும் மூளையில் வெவ்வேறு இடங்களைச் சார்ந்தவை. படித்தது வேறு, அந்த இரண்டு விரலைப் பார்த்தது வேறு. அண்ணன் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தார்.

அன்று “எஞ்சின் போட்டாச்சா?” என்ற கேள்வி வரவில்லை. போட்டாகிவிட்டது என்று அவருக்கே தெரிந்திருந்தது.

அண்ணியின் நோட்டு

இதோடு எல்லாம் சுகமாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். மறுநாளே “என்ன சத்தம் இது, நிறுத்து” என்றார். அதற்கடுத்த நாள் கேட்டார். அதற்கடுத்த நாள் பாட்டுக்கு நடுவில் எழுந்து போனார். நோய் நோய்தான். பாட்டு மருந்தாகிவிடாது.

அண்ணி ஒரு பள்ளி நோட்டை எடுத்துத் தேதி, மணி, என்ன பாட்டு, என்ன நடந்தது என்று எழுதத் தொடங்கினார். என் ஆடாசிட்டியைவிட அந்த நோட்டுத்தான் பெரிய கருவி. இரண்டு மாதத்தில் அதிலிருந்து பல விஷயங்கள் தெரிந்தன. பதற்றம் தொடங்கிய பிறகு போட்டால் பலனில்லை, தொடங்கும் முன்பே போட வேண்டும். காதில் மாட்டும் கருவி அவருக்கு ஆகாது, அறையில் ஒலிக்க வேண்டும். சத்தம் குறைவாக இருக்க வேண்டும். நாள் முழுக்க ஓடவிட்டால் அது வெறும் இரைச்சலாகிவிடும். பாகவதர் பாட்டு அவருக்குப் பெரிதாக ஒன்றுமில்லை, அது மாமனார் காலத்துப் பாட்டு. கீறல் நீக்கிய பிரதிகளை அநேகமாக ஏற்றுக்கொள்கிறார். ஆனால் பாவமன்னிப்புக்கு மட்டும் மாட்டிக்கொள்ளும் பிரதிதான் வேண்டும். அந்த இடம் மாட்டாமல் ஓடினால் விரல் மேசைமேல் காத்திருந்துவிட்டுக் குழம்புகிறது.

வேண்டாத தட்டு

நோட்டில் ஒரு பக்கத்தை மட்டும் அண்ணி கோடு போட்டு வைத்திருக்கிறார்.

1970களின் தொடக்கத்தில் வந்த ஒரு படத்தின் சிறு தட்டு அது. படப்பெயர் வேண்டாம். அந்தத் தட்டு அக்காவுடையது. பெரியம்மாவின் ஒரே மகள், எனக்கு இரண்டு வயது மூத்தவள். பன்னிரண்டு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அவள் கேட்டு அடம்பிடித்ததால் பெரியப்பா வாங்கி வந்த தட்டு.

அதைப் போட்ட மாலை பெரியம்மா வாசலைப் பார்த்து, “பாப்பா ஸ்கூல் விட்டு வந்துட்டாளா?” என்று கேட்டார். “மழை வரப்போவுது, யாராச்சும் போய்க் கூட்டியாங்க” என்றார். பிறகு யாரும் சொல்லாமலே ஏதோ ஒரு கணத்தில் அவருக்கே தெரிந்துவிட்டது. அன்று இரவு முழுக்க அழுதார். காலையில் எதற்கு அழுதோம் என்பது அவருக்கு நினைவில்லை. முகம் மட்டும் வீங்கியிருந்தது.

“அந்தப் பாட்ட எடுத்துடு தம்பி” என்றார் அண்ணன்.

“பெத்த பிள்ளைய நெனச்சு அழுவுறத நாம எப்படி வேணாம்னு சொல்றது?” என்றார் அண்ணி. “அதுவும் அவங்க ஞாபகம்தானே?”

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “நாம ஒரு தடவ கேட்டோம், ஆறிடுச்சு. அம்மா ஒவ்வொரு தடவையும் புதுசா கேக்குறாங்க. என் தங்கச்சி செத்துப்போச்சுன்னு அம்மாகிட்ட நான் எத்தன தடவ சொல்றது?”

இருவர் சொன்னதும் சரி என்றே எனக்கு இன்னமும் படுகிறது. ஒருவரின் நினைவுகளில் எது வேண்டும், எது வேண்டாம் என்று முடிவு செய்ய நமக்கு என்ன உரிமை என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் மாலை ஆறரை மணிக்கு அந்த வீட்டில் யாராவது முடிவு செய்துதான் ஆக வேண்டும். மாலையில் போடும் பென்டிரைவில் அந்தப் பாட்டு இல்லை. எல்லாம் உள்ள மற்றொரு பென்டிரைவில் இருக்கிறது. அதை அண்ணன் தன் காரில் வைத்திருக்கிறார். தனியாகப் போகும்போது கேட்பார் என்று அண்ணி சொன்னார்.

எஞ்சின் நிற்கும் நேரம்

ஒரு சிக்கல் மிஞ்சியிருந்தது. பாட்டு முடிந்ததும் வீடு திடீரென்று அமைதியாகிவிடும். அந்த அமைதியில் பெரியம்மா மறுபடி எழுந்து நடப்பார். பாட்டை எப்படி முடிப்பது?

மென்பொருளில் ஒலியின் வேகத்தைச் சிறிது சிறிதாகக் குறைக்கும் வசதி உண்டு. வரிசையின் கடைசிப் பாட்டில், முடிவதற்குச் சற்று முன்பாக, வேகத்தைப் படிப்படியாக இறக்கினேன். குரல் கனத்து, இழுத்து, கிணற்றுக்குள் இறங்கி, நின்றது. அந்த நேரத்தில் கூடத்து விளக்கை அணைக்கச் சொன்னேன்.

“எஞ்சின நிறுத்திட்டான்” என்றார் பெரியம்மா. “பாயைப் போடு.”

கட்டிலைக் காட்டினால் போய்ப் படுத்துக்கொண்டார். எல்லா நாளும் இல்லை. அண்ணியின் நோட்டின்படி பத்து நாளில் ஆறு நாள், சில வாரம் ஏழு நாள். மற்ற நாள்களில் பழையபடி நடைதான். ஆனால் வாரத்தில் நான்கு இரவு தூங்குவது என்றால் என்ன என்று, ஒரு வருடம் தூங்காதவர்களைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

பராமரிப்பு இல்லத்தின் படிவம் இன்னும் அந்த வீட்டில் இருக்கிறது. அண்ணன் அதைக் கிழித்துப் போடவில்லை. கிழிக்கச் சொல்லி நானும் சொல்லவில்லை. வாரத்துக்கு ஒருமுறை வந்து பாட்டு போட்டுவிட்டுக் கிள்ளான் திரும்புகிறவன் அதைச் சொல்லக்கூடாது. நோய் இன்னும் முற்றும் என்பது எல்லாருக்கும் தெரியும். விரல் மேசையைத் தட்டாத நாளும் வரும். அந்த நாளில் படிவத்தை எடுத்து நிரப்பினால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்தப் பாட்டுகள் செய்ததெல்லாம் அந்த நாளைக் கொஞ்சம் தள்ளிவைத்ததுதான். எங்களுக்கு அது போதும்.

நீங்கள் செய்யக்கூடியது

இப்போது நண்பர்களின் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. இணையத்தில் இருப்பது பாட்டு. பெரியம்மாவுக்கு வேண்டியிருந்தது அந்தப் பாட்டை அவர் கேட்ட மாலை. அது அந்தக் கீறலில் இருந்தது, கவசத்துக்குப் பிறகு கர்ணன் என்ற வரிசையில் இருந்தது, எஞ்சின் போடும் நேரத்திலும் நிறுத்தும் ஓசையிலும் இருந்தது. அதை அங்கே இருந்தவர்களால்தான் எடுத்துக் கொடுக்க முடியும்.

உங்கள் வீட்டில் தட்டுகள் இல்லாமல் இருக்கலாம். ஒலிநாடா இருக்கலாம், வானொலி மட்டுமே இருந்திருக்கலாம், தோட்டத்துக் கோயில் திருவிழாவின் ஒலிபெருக்கி இருந்திருக்கலாம். தட்டுகள் இருந்தால் படுக்கவைக்காமல் நிமிர்த்தி, வெயில் படாத இடத்தில் அடுக்கி வையுங்கள். உறையின் மேல் வாங்கியவர் பெயர் இருந்தால் அதையும் படம் எடுத்து வையுங்கள். மறதி நோய் பற்றிய சந்தேகங்களுக்குப் பெட்டாலிங் ஜெயாவில் உள்ள மலேசிய அல்சைமர் நோய் அறவாரியத்தை நாடலாம். பராமரிப்பவர்களுக்கு அங்கே வழிகாட்டுகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்பாக, நினைவு நன்றாக இருக்கும்போதே வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். எந்தப் பாட்டு பிடிக்கும் என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். அதை எங்கே கேட்டீர்கள், எத்தனை மணிக்குக் கேட்டீர்கள், அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். எந்தப் பாட்டைக் கேட்கப் பிடிக்காது என்பதையும் மறக்காமல் கேளுங்கள்.